பதினேழாவது பிரதி

ஏழு விழுக்காடு எட்டானபோது
பதினாறு இடத்தில் மாற்றினோம்.
பதினேழாவதாக ஒன்று இருப்பது
புக்கிட் பாத்தோக்கில் உணவுக்கூடம் நடத்தும் திரு. சியா
தொலைபேசியில் கத்தியபோதுதான் தெரிந்தது.
மூன்று வாரம் பழைய வரியையே வாங்கியிருந்தது
அவருடைய கல்லா.
வித்தியாசத்தை நிறுவனம் கட்டியது.
மன்னிப்புக் கடிதம் நான் எழுதினேன்.
அதிலும் இரண்டு பத்தி
முந்தைய மன்னிப்பிலிருந்து வெட்டி ஒட்டியது.

எட்டு ஒன்பதானபோது
விரல் விட்டு எண்ணி எண்ணி மாற்றினோம்.
இனிமேல் எண்ண மாட்டேன் என்று
இந்த ஜூன் மாதம் உட்கார்ந்தேன்,
ஆயர் ராஜா கிரசெண்டில், நான்காம் மாடியில்,
ஆறரைக்குக் குளிர்சாதனம் நின்றுவிடும் அறையில்.

ஒரே கணக்கு.
பதினேழு கோப்பில் பதினேழு உடம்பு.
ஓரிடத்தில் அதன் பெயர் டோட்டல்,
இன்னோரிடத்தில் டோட்டல்டூ,
பிறகு டோட்டல்ஃபைனல்,
அதற்கும் பிறகு டோட்டல்ஃபைனல்நியூ.
வெள்ளிக்கிழமை மாலைகளில் பிறந்த பிள்ளைகள்.
உள்ளே போனால் ஓர் 'என்றால்',
அதற்குள் ஓர் 'என்றால்', அதற்குள்ளும்.
ஒன்பதாவது 'என்றால்'
திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.
அது என்ன கேட்கிறதென்று பார்க்க
நாற்காலியை நகர்த்திக்கொண்டேன், தேவையே இல்லாமல்.

எதையும் தொடுவதற்கு முன்
இன்று அது சொல்வதை எழுதி வைக்க வேண்டும்.
நோர்ஹயாத்தி அறுநூற்றுப் பன்னிரண்டு பழைய ரசீது கொண்டுவந்தாள்.
லக்சா ஒன்று, தே தாரிக் இரண்டு,
கட்டிக் கொடுத்த டப்பாவுக்கு முப்பது காசு.
சரியோ தப்போ
இன்றைக்கு வரும் விடை நாளைக்கும் வர வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக.
அழித்தேன், ஓட்டினேன், பச்சை.
அழித்தேன். பச்சை.
அழித்த வரிக்கும் சம்பளம் உண்டா என்றான் திருமாறன்,
காப்பிக்குப் போகிற வழியில்.
பச்சை.

பதினான்காவதில் சிவப்பு.
ஏழு ரசீது இரண்டு காசு, மூன்று காசு கூடுதலாகக் கேட்டன.
அருகருகே வைத்து வரிக்கு வரி பார்த்தேன்.
கடைசி வரி மட்டும்
ஐந்தால் வகுத்து, மிச்சத்தை உதறி, ஐந்தால் பெருக்கியது.
போன வழியிலேயே திரும்பி வருகிற வரி,
யாருக்கும் வேண்டாதது போல.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
தொடாதே. ஹொக் செங்.
ஏன் என்று இல்லை.
அவர் போய் ஆறு வருடம்.
இப்போது பூனைகளுக்குக் காப்புறுதி விற்கிறாராம்.

ஜன்னலுக்கு வெளியே கட்டுமானத் தடுப்பில்
ஒரு பலகை நான்கு தரம் சொல்கிறது,
நான்கு எழுத்தில், அபாயம்.
காலையிலிருந்து என் கையில் இருக்கும் அரிப்புக்கு
அதில் மூன்றை அழித்திருப்பேன்.
அதன் கீழே பெட்டிச் சோற்றைப் பிரிக்கும்
மணமேல்குடிக்காரர்
மிஞ்சிய ஒன்றை எப்படிப் படிப்பார்?

'ஒரு காசு நாணயத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?'
என்றாள் நோர்ஹயாத்தி, ரசீதுகளிலிருந்து தலை தூக்காமல்.
ஏழும் ரொக்கம்.
ஐந்து காசுக்குக் கீழே
கையில் திருப்பித் தர இந்த ஊரில் எதுவுமில்லை.

அந்த வரியை அழிக்கவில்லை.
தனியே எடுத்து வைத்து ஒரு பெயர் தேடினேன்.
எழுதுவதற்கு இரண்டு நிமிடம்,
பெயருக்கு நாற்பது.
'தொடாதே'யை எடுத்துவிட்டு
ஏன் என்று மூன்று வரி எழுதினேன்.
ஒன்பது 'என்றால்' அப்படியே இருக்கின்றன.
அது ஜூலைக்கு.

திரையில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார் மேலாளர்.
ஒன்றும் இல்லை என்றேன்.
இத்தனை சந்தோஷமாக
அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில்
பேரங்காடியில் பாலும் ரொட்டியும்.
ஐந்து வெள்ளி நாற்பத்திரண்டு என்றது திரை.
அட்டையை உள்ளே வைத்துவிட்டு, வேண்டுமென்றே,
நோட்டை நீட்டினேன்.
ஐந்து நாற்பது எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு காசை
எந்தக் கோப்பில், எந்த வெள்ளிக்கிழமை,
யார் உதறச் சொல்லிவிட்டு
வேறு வேலைக்குப் போனார்களோ.