வாஷர் விக்கிறேன்

அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன்.
கயிற்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.
பதினாலு வருஷம் கழுத்தில் கிடந்த நீலக் கயிறு
இப்போது பெரம்பூர் வீட்டில்
பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல்
பிடித்து வைத்திருக்கிறது.

அடுத்து என்ன என்று கேட்டவர்களிடம்
“ஆன்லைன்ல” என்று மட்டும் சொன்னேன்.
நல்ல கனமான திரைச்சீலை அந்தச் சொல்.
யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை.
பின்னால் இருந்தது
மிக்ஸி ஜாடி வாஷர்.
கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் சிவப்பு.
பாரிமுனைச் சந்தில் கிலோக் கணக்கில் வாங்கி
படுக்கையறைத் தரையில் கொட்டிப் பிரிக்கிறேன்.
நாற்பத்திரண்டு வயதில்
என் தலையணையில் ரப்பர் வாசனை.

முதல் மாதம் வீடியோக்களை நம்பினேன்.
ஐந்து மணிக்கு எழு என்றான் ஒருவன், எழுந்தேன்.
குளிர்ந்த நீரில் குளி என்றான்.
மே மாதம். மாடித் தொட்டி
ராத்திரி முழுக்க ஆறாமல் கிடந்தது.
கனவை நோட்டில் எழுது என்றான்.
எழுதினேன்:
வாடகை பதினாறாயிரம்.
யமுனா டியூஷன் இரண்டாயிரத்து ஐந்நூறு.
பபிள் கவர் ஒரு ரோல்.

முப்பதாம் தேதி போன் அதிரவில்லை.
சும்மா ஒருமுறை
அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

பதினோராம் நாள் ஈரோட்டிலிருந்து முதல் ஆர்டர்.
கவரில் முகவரியை இரண்டு முறை எழுதினேன்,
முதல் முறை கை நடுங்கியதால்.
பிறகு கோவில்பட்டி மாரிச்செல்வி.
ஒற்றை நட்சத்திரம்.
“லூசா இருக்கு. சட்னி வழியுது.”

வருஷா வருஷம் எனக்கு எழுதித் தருவார்கள்,
எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார் என்று.
யாருடைய எதிர்பார்ப்பு,
எங்கே என்ன வழிந்தது,
பதினாலு வருஷத்தில் ஒரு வரி இல்லை.
மாரிச்செல்விக்கு போன் போட்டேன்.
“அளந்து பாத்து அனுப்ப மாட்டீங்களாக்கா?”
திட்டி முடித்து, மழையா அங்க என்று கேட்டாள்.
அன்று மாலையே பிராட்வேயில்
ஒரு வெர்னியர் காலிபர் வாங்கினேன்.
எழுபத்தைந்து என்று நான் விற்றது எழுபத்துநாலு.
சுய வளர்ச்சி, சுய வளர்ச்சி என்கிறார்களே,
எனக்குக் கிடைத்தது இதுதான்,
ஒரு மில்லிமீட்டர்.

ஆறாம் மாதம் ஒரு திங்கள்,
விடிய இன்னும் நேரம் இருந்தது.
“மேடம், கீழ நிக்கிறேன்.”
கம்பெனி வண்டி குணசீலன்.
நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
“ரோஸ்டர்ல உங்க பேரு வந்திருக்கே.”
யாரோ எதையோ அழிக்க மறந்திருக்கிறார்கள்.
இடதுபக்கம், ஜன்னலோரம், என் சீட்
காலியாக இருந்தது.
உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
சொல்லிவிடுகிறேன்:
ஒரு கால் படியில் ஏறிவிட்டது.
யாரும் தள்ளவில்லை, கூப்பிடவில்லை,
காலுக்கே வழி தெரிந்திருந்தது.

“வேலையை விட்டுட்டேன் குணா.”
“இப்ப என்ன பண்றீங்க?”
ஆன்லைன்ல, என்று வாய் வரை வந்தது.
“வாஷர் விக்கிறேன். மிக்ஸி வாஷர்.”
அவர் சிரிக்கவில்லை.
“எங்க வூட்டு சின்ன ஜாடி
ரெண்டு மாசமா ஒழுவுது மேடம்.”
“எவ்ளோ அகலம்?”
ஸ்டியரிங்கை விட்டு
இரண்டு கையாலும் காற்றில் ஒரு வட்டம் காட்டினார்.
“அது சரிவராது. ஜாடியக் கொண்டாங்க.”
என் பெயருக்கு நேரே
வரவில்லை என்று தட்டிவிட்டுப் போனார்.
மேம்பாலத்தில் அந்தச் சிவப்பு விளக்குகள் ஏறும்வரை
வெறுங்காலோடு நின்றேன்.
கொசு கடித்தது.

மறுநாள் கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்கியது.
கழுவித்தான் கொடுத்திருக்கிறார்கள்,
ஆனாலும் மூடி விளிம்பில்
காய்ந்த பொட்டுக்கடலை.
நகத்தால் சுரண்டிவிட்டு அளந்தேன்.
எழுபத்தொன்று.
என்னிடம் அந்த அளவு இல்லை.

கடை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.