ஒரு கிலோ பட்டாணி, தட்டில்

என் கணக்கு இப்படித் தொடங்குகிறது:
ஒரு கிலோ பச்சைப் பட்டாணி, வெந்து, தட்டில்.
விதையிலிருந்து அதுவரை
எத்தனை மெகாஜூல்?
தட்டுக்கு வந்து சேராதது எதுவும்
என் அட்டவணையில் பட்டாணி இல்லை.

ஜூன் கடைசி. ஸ்கோனே சமவெளியில்
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் மிச்சமிருந்தது.
அறுவடை எந்திரத்தின் மேலிருந்த சிக்ஸ்டன்
ஒரு கையால் வண்டியைத் திருப்பி
மறு கையால் ரொட்டி தின்றான்.
ஏக்கருக்கு டீசல் எவ்வளவு என்றேன்.
"மழை பெய்ததா என்று முதலில் கேள்"
என்றான்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

உரித்த பட்டாணி பொறுக்காது.
இனிப்பு மாவாகுமுன் ஆலைக்குள் ஓட வேண்டும்.
கொதிநீரில் ஒரு முக்கு,
உறைகாற்றில் ஒரு உதறு,
எஃகுச் சரிவில் அது உருளும்போது
தகரக் கூரையில் ஆலங்கட்டி.
அங்கே குழாய்க்குக் குழாய் மீட்டர்.
ஆலையின் எண்கள் நல்ல பிள்ளைகள்,
கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும்.
லாரி, கிடங்கு, கடை
கொஞ்சம் முரண்டும், பிறகு வரும்.

வீட்டில்தான் வழுக்குகிறது.
வாங்கிய பை ஃப்ரீசரில் எத்தனை நாள் கிடக்கும்?
"முப்பது என்று வைத்துக்கொள்வோம்"
என்று எங்கள் படிவம் சொன்னது.
யார் வீட்டில் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் இருபத்திரண்டு வீடுகள்,
இருபத்திரண்டு பிளக் மீட்டர்கள்.
பதிமூன்றாவது வீடு திரெலெபொரியில்.
இங்கெயெர்ட் மால்ம்ரோஸ்: பேருந்து ஓட்டுபவர்,
ஐம்பது தாண்டியவர்களின் ஹேண்ட்பால் அணியில் கோல்கீப்பர்.
நிலவறை ஃப்ரீசரின் அடியில் ஒரு பை.
தேதி நான்கு வருடப் பழசு.

"அது சாப்பிட இல்லை," என்றார்.
"முழங்காலுக்கு."

நாற்காலியில் உட்கார்ந்து
காலை நீட்டி, வைத்தும் காட்டினார்.
ஐஸ் கட்டி முட்டும்;
இது மூட்டோடு மடங்கிக்கொள்கிறது.
செவ்வாய்தோறும் ஆட்டம் முடிந்து இருபது நிமிடம்,
மறுபடி ஃப்ரீசர்.
இளகி இளகி இறுகி
உள்ளே பட்டாணிகள் ஒன்றையொன்று
விடாமல் பிடித்திருந்தன.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
நான்கு வருட மின்சாரத்தில் அந்தப் பையின் பங்கு:
சிக்ஸ்டனின் டீசலும் ஆலையின் நீராவியும்
அதன் காலடியில் தூசி.
மேலே அவ்வளவு பெரிய எண்.
கீழே, தட்டுக்கு வந்த கிலோ: பூஜ்யம்.
கட்டத்தில் பிழைக்குறி முளைத்தது.

"விதிவிலக்கு, நீக்கிவிடு"
என்று ரென்க்விஸ்ட் எழுதினார். என் மேலாளர்,
கெட்டவர் அல்ல, அவசரக்காரர்.
நீக்கலாம்தான்.
அல்லது அலகை மாற்றலாம்:
ஒரு முழங்கால், ஒரு செவ்வாய்க்கிழமை.
அப்படி வகுத்தால்
எண் சட்டென்று சின்னதாகிவிடுகிறது,
கிட்டத்தட்ட நியாயமாக.

இன்னொன்றும் இருக்கிறது.
மீட்டரை மாட்ட நாற்பத்தாறு கிலோமீட்டர் போனேன்,
நாற்பத்தாறு திரும்பினேன்.
அந்த பெட்ரோலில் அந்த ஃப்ரீசர்
மாதக்கணக்கில் ஓடியிருக்கும்.
ஆய்வின் எல்லைக்கோட்டை நான்தான் வரைந்தேன்;
அது என் காரின் சக்கரத்துக்கு
ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
ஆற்றுக்குப் போன வண்டிச் செலவை
எந்தப் பக்கம் எழுதச் சொன்னார்கள்?

பதிமூன்றாம் வரியை
நீக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.

ஆறு வாரம் கழித்து மீட்டர் தபாலில் வந்தது,
பழைய காலுறையில் சுற்றி.
உள்ளே ஒரு சீட்டு:

"சனிக்கிழமை கூடுதல் ஆட்டம்.
ஒரே கோலில் தோற்றோம்.
அன்றைக்கு இரண்டு தடவை வைத்தேன்.
சேர்த்துக்கொள்."