மருந்து அளவு

தேர்தல் முடிந்து
குலசேகரம் ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கி வீடு வந்த அன்று
ரசலையன் குழலைத் தூக்கிப் பிடித்து
அதன் வழியே பகலைப் பார்த்தார்.
"துரு ஒரு பொட்டுகூட இல்ல, கேட்டியா."

சாப்பாட்டு மேசையில் பழைய தினசரி.
மின்விசிறியை நிறுத்திவிடுவார்.
தொடுவெட்டித் தட்டாரிடம் வாங்கிய தராசில்
எள்ளளவு கூடினாலும்
தட்டைக் கவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார்.
நான் வாய் திறக்கக் கூடாது, எண்ணம் தவறுமாம்.

என் தம்பி வினிஸ்டன் ஒரு டப்பா கொண்டுவந்தான்.
புது மருந்து.
"அதே கரண்டியால அள்ளிப் போடுங்க அத்தான்,
என்ன வித்தியாசம்?"
இவர் மூடியைத் திறக்கவே இல்லை.
"கரண்டிக்கு என்ன தெரியும்?
நெறஞ்சா நெறஞ்சதுன்னு சொல்லும், அம்பிடுதான்.
இது மெதுவா எரியும். அது பொட்டுன்னு பத்தும்.
உள்ள எம்பிடு நெருக்கம் கூடுச்சுன்னு
குழல்தான் சொல்லணும்.
ஒரு தடவதான் சொல்லும்."

சுட்ட தோட்டாவையும் எறிய மாட்டார்.
கண்ணாடி மாட்டி அடிப்பக்கம் பார்ப்பார்,
கேப்பு சப்பளிந்திருக்கிறதா,
பித்தளை உப்பியிருக்கிறதா என்று.
பித்தளைக்குத் தன் வலியை எழுதத் தெரியும் என்பார்.

நான் ஆஸ்பத்திரியில்
நாளொன்றுக்கு நாற்பது கைகளில் பட்டை சுற்றுகிறவள்.
பால்வெட்டுக்காரர்கள், மலையிறங்கி வரும் காணிக்காரர்கள்
எல்லோரும் கை நீட்டுவார்கள்.
வீட்டில் ஒரு கை மட்டும்
சாரத்தின் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.
மேலே நூற்றெண்பது, கீழே நூற்றுப்பத்து.
காலையில் பிடரி வலி,
கண்ணின் வெள்ளையில் சிவப்பு நூல்.
மாத்திரையைக் கடித்துப் பாதி விழுங்குவார்,
மீதி ஜன்னல் கட்டையில் கிடக்கும்.
"கண்ணளவுக்கு இது போதும்."

கண்ணளவாம்.

இரண்டுக்கும் மருந்து என்றுதான்
பெயர் வைத்திருக்கிறோம்.

நேற்று அவர் தராசை இழுத்தபோது
தட்டில் அரை மாத்திரைகள் ஆறு கிடந்தன.
நான் வைத்தவை. ஒன்றும் சொல்லவில்லை.
பழக்கதோஷம், படிக்கல் எடுத்து வைத்து நிறுத்தார்.
முள் அடங்கும்வரை மூச்சடக்கிக் குனிந்தவர்
முள் அடங்கிய பிறகும் நிமிரவில்லை.
பிறகு ஆறையும் தினசரிக் கிழிசலில் மடித்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
ஜன்னல் கட்டையிலிருந்த அட்டையையும்
கூடவே எடுத்தார் போலிருக்கிறது.
காலையில் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது மணி ஒன்றரை.
மரச்சீனி விளையில் பன்னிக் கூட்டம்.
டார்ச்சோடு இறங்கிப் போயிருக்கிறார்.
கோதையாறு இரைகிறது.
ரப்பர்க் காய் எங்கோ வெடித்துத் தெறிக்கிறது,
அதற்கே எனக்குத் தூக்கிப்போடுகிறது.

வானத்துக்கு ஒரு வெடி.
மலை அதை வாங்கித் திருப்பித் தருகிறது.
குழல் தாங்கிவிட்டது.

அடுக்களை வாசலில் நிற்கிறேன்,
இன்னொரு சத்தத்துக்காக,
அவருடைய இருமலுக்காக.