பேருக்கு உழவர்கள்

ஆட்டக்காரர் பட்டியல் எழுதுவது என் வேலை.
கம்பளி ஆலையில் கணக்கெழுதும் கைக்கு
ஞாயிறும் ஓய்வில்லை.
பதினோரு பெயரில் நான்கு ஜோர்ஜ்.
ரூபே நகரில் அந்த வருடம் கல்லெறிந்தால்
ஏதாவதொரு ஜோர்ஜ் மேல்தான் விழும்.

ரொட்டிக்கடை ஜோர்ஜ்,
நகக்கண்ணில் நீலம் போகாத சாயப்பட்டறை ஜோர்ஜ்,
கோல் காக்கும் ஜோர்ஜ்,
பிந்தி வரும் ஜோர்ஜ்.
அப்படியே எழுதிக் கொடுத்தேன்.
லீல் நகரத்து நடுவர் உரக்கப் படித்துச் சிரித்தார்.
நான்காமவன் அப்போதும் வந்து சேரவில்லை.

மைதானம் என்பது மரியாதைக்கு.
பிலிப் காசெலின் பீட்ரூட் வயல்.
அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவே
மாதம் ஆறு பிராங்குக்கு எங்களுடையது.
கோல் கம்பங்களை ஆட்டம் முடிந்ததும் பிடுங்கித்
தோளில் சுமந்து மதுக்கடைக்குப் போவோம்.
மேலே குறுக்குக் கட்டைக்குப் பதில் கயிறு.
பந்து போனது கயிற்றுக்கு மேலா கீழா என்பதில்
இரண்டு நட்புகள் முறிந்திருக்கின்றன,
ஒரு நிச்சயதார்த்தமும்.

இடைவேளை. மழை.
ஒற்றை எலுமிச்சையைப் பதினோரு வாய் சுற்றி உறிஞ்சும்போது
அஷில் சொன்னான்.
குருமடத்திலிருந்து ஓடிவந்தவன் அவன்,
கிரேக்கமும் கூடவே ஓடிவந்துவிட்டது.
"கே என்றால் மண்.
எர்கோன் என்றால் வேலை.
சேர்த்துச் சொன்னால் ஜோர்ஜ். உழவன்."

நால்வரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.
மாவு, நீலம், சாணித்தாள் உறை கிழிந்த தழும்பு,
பிந்தி வருபவனிடம் ஒன்றுமில்லை.
"கோயில் சிலையில் ஈட்டிதானே வைத்திருக்கிறார்,
மண்வெட்டி இல்லையே" என்றான் ரொட்டிக்கடை.
"அது பிறகு வந்த கதை."
"அப்போ பிலிப்?"
வேலியோரம் நின்ற வயல்காரரைக் காட்டினான் கோல் காப்பவன்.
"குதிரைப் பிரியன்."
காசெலுக்கு வலக்கையில் மூன்றே விரல்.
மீதி இரண்டையும் ஒரு குதிரை கடித்துப் போனது.
எலுமிச்சையை யார் விழுங்கினான் என்று தெரியாத அளவுக்குச் சிரித்தோம்.

ஏப்ரலில், விதைத்தபின்,
கேட்காமல் ஆடினோம்.
துர்கோவான் அணி சும்மா விடாது, நாங்களும் விடவில்லை,
மூன்றுக்கு இரண்டு.
மறுநாள் காசெல் ஆலை வாசலுக்கு வந்தார்.
மிதிபட்டுச் செங்கல்லாய் இறுகிய ஒரு பிடி மண்ணை
என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தார்.
"காசு வேண்டாம். கை கொடுங்கள்."

அடுத்த ஞாயிறு பந்தை வீட்டில் விட்டுப் போனோம்.
பிந்தி வரும் ஜோர்ஜ்
அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து குந்தியிருந்தான்.
கொத்தினோம். கொப்புளங்கள் எண்ணினோம்.
கோல் காப்பவன் மட்டும்
தன் குதிகால்கள் பறித்த இரண்டு பள்ளங்களைச்
சுற்றிச் சுற்றிக் கொத்தி,
பொழுது சாய்ந்தபின்
யாரும் பார்க்காதபோது மூடினான்.
சரியாக மூடவில்லை.

பதினொரு வருடம் போனது.
அரசாங்கம் ஊரிலிருந்த ஆண்களுக்கெல்லாம்
மண்வெட்டி கொடுத்தது.
ஆள் ஆழம், ஆள் நீளம், கிழக்கு முகமாக.
அங்கே எல்லோரும் ஜோர்ஜ்தான்.
அஷிலின் கிரேக்கம்
அவ்வளவு சரியாக இருந்திருக்க வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது
அதற்கெல்லாம் முந்தி, அதே வருட அக்டோபரை.
கோல் இருந்த இடத்தில் மட்டும்
கிழங்குகள் கவட்டையாக வளர்ந்திருப்பதாகக்
காசெல் புகார் கொண்டுவந்தார்.
இறுகிய மண்ணில் இறங்க முடியாமல்
வேர் இரண்டாகப் பிரிந்திருந்தது.
சாட்சிக்கு ஒன்றை மேசையில் போட்டார்.
தடித்த தொடை, இரண்டு கால்,
ஒன்று சற்றே பின்னால் மடங்கி,
உதைக்கப் போகிறாற்போல.

சாயப்பட்டறை ஜோர்ஜ் அதை எடுத்துப் போய்
இடுப்புவரை நீலம் முக்கிக் கொண்டுவந்தான்.
எங்கள் சட்டையின் நீலம்.
அழுகும்வரை அது பட்டியலின் மேல் நின்றது,
தாள் பறக்காமல்.