முப்பத்துநாலு நிமிடம்

கம்பஸுக்கு வெளிக்கிடுகிற அவசரத்திலும்
நல்ல மனத்தோடுதான் செய்தான் மகன்:
"அம்மா, உங்கட கொம்பியூட்டருக்குப் புதுசு போட்டிருக்கிறன்."
புதுசு வந்தது.
எம்ப்ரொய்டறி மெசின் ஊமையானது.
பின்பக்கத்தில் செருகிய சாவியை
புதுசுக்கு அடையாளமே தெரியவில்லை.

சனிக்கிழமை கோவிலில் முதல் நன்மை.
பதினேழு வெள்ளைச் சட்டை,
ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு கிண்ணம், ஒரு அப்பம், மூன்று கதிர்.
ஆறு முடிந்தது.
இன்றைக்கு வியாழன்.

பழையதைத் திரும்பப் போடத்தான் வேணும்.
லாச்சிக்குள் சீடி கிடந்தது,
'எக்ஸ்பி, மரியநாயகம்' என்று மார்க்கர் எழுத்தில்.
மரியநாயகத்தின் கடை இருந்த இடத்தில்
இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள்.

முதல் தரம்: நீலத் திரை.
வெள்ளை எழுத்தில் பேசித் தீர்த்துவிட்டு
கடைசியில் ஏழு பி என்றது.
அளவுக் கொப்பியில் குறித்தேன்,
றோசலின் அக்காவின் இடுப்பளவுக்குப் பக்கத்தில்.

இரண்டாம் தரம்: அதே நீலம்.
குருநகர்க் காற்றில் உப்பு அல்லவா,
பெட்டியைக் கழற்றி
றாம் தகட்டின் பொன் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன்.
பச்சைக் களிம்பு வந்தது, வடிவாகவே வந்தது.
நீலம் போகவில்லை.

மூன்றாம் தரம் டிலீட் கட்டையை அடித்து அடித்து
அதன் உள்ளறைக்குள்ளேயே புகுந்துவிட்டேன்.
வன்தட்டு புதுப் பாசை பேசுகிறது.
பழையவர் வந்து தட்டுகிறார்,
விளங்காத சத்தம் கேட்டு
வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போகிறார்.
இவ்வளவுதான் சண்டை.
ஐடிஈ என்று மாற்றினேன்.
அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன்.
நீலம் வந்தது,
இது வேறு நீலம், வா என்கிற நீலம்.

முப்பத்தொன்பது நிமிடம் மீதம் என்றது.
முப்பத்தெட்டு. முப்பத்தேழு.
முப்பத்துநாலில் நின்றது.
சோறு வடித்தேன். முப்பத்துநாலு.
நண்டு உடைத்துக் குழம்பு கூட்டினேன். முப்பத்துநாலு.
மழை பிடித்தது, கொடியில் கிடந்ததை எடுத்து வந்தேன்,
முப்பத்துநாலு.
மகன் செருகிவிட்டுப் போன கமெரா
ஓரத்தில் கண் முழித்துக்கொண்டிருந்தது.
பிடுங்கினேன்.
முப்பத்துமூன்று.

அப்போதுதான் நேரம் கேட்டது.
2002 தை முதலாம் திகதி என்று
தானாகவே நம்பிக்கொண்டு.
உள்ளே காசளவு பற்றரி செத்திருக்க வேணும்.
வருசத்தைத் திருத்தினேன்.
ஊர்ப் பட்டியலில் எங்களைத் தேடினேன்,
ஶ்ரீ ஜயவர்த்தனபுர என்றிருந்தது,
கிறீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னே.

ஆறு.
அது அந்தக் காலத்து நேரம்.
கொழும்புக்கும் எங்களுக்கும் ஆறு,
முகமாலை தாண்டினால் ஐந்தரை.
பதிந்து, பை திறந்து காட்டி, பஸ் மாறி,
மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி
கிளிநொச்சியில் இறங்கினால்
அண்ணன் சைக்கிளோடு நிற்பான்.
"பிந்தி வெளிக்கிட்டும் நேரத்துக்கு வந்திட்டாய்.
அந்த அரை மணித்தியாலம் இனாம்,
இருந்து சாப்பிட்டுப் போ."
இருந்தேன்.
திரும்பி வரும்போது முகமாலையில்
அதை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது ஐந்தரை.
நாடு முழுவதும் ஞானராசனின் நேரத்தில்தான் ஓடுகிறது.
அவனுக்குச் சொல்லத்தான் வழியில்லை.

பட்டியலில் ஐந்தரைக்கு நேரே
சென்னை, கல்கத்தா, மும்பை.
குருநகரில் மணி சரியாக இருக்க
சென்னையில் இருக்கிறேன் என்று பொய் சொல்ல வேணும்.
அம்புக்குறி நடுவில் நின்றது.
கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது,
அதற்கு ஏழு நிமிடம்தான் உயிர்.
சென்னை என்று அமத்தினேன்.

கரண்ட் வந்து, மிச்சமும் முடிந்து,
றைவர் மூன்று தேடிப் போட்டு,
பின்பக்கத்துச் சாவியை ஒருதரம் ஊதிச் செருகி,
இரவு பத்தேகாலுக்கு ஊசி இறங்கியது.
ஏழாவது கிண்ணத்தின் விளிம்பில்
நூல் அறுந்தது.
அது கொம்பியூட்டரின் பிழை இல்லை.
மலிவு நூல்.