ஆறாம் தடத்தில் எண்ணெய் இல்லை

மாரத்தஹள்ளிப் பாலத்தடியில்
ஒன்றேகால் மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.
பின்சீட்டில் பதினாலு பவுண்டுப் பந்து,
பெல்ட் மாட்டி.
முழுதாய் ஒரு சீட்டு எடுத்து வாங்கியது.
வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது மாடி. வியாழக்கிழமை லீக்.
செருப்பைக் கழற்றும்போதே முனிராஜு வந்து
"ஆயில் மெஷின் கெட்டோகிதெ, மேடம்" என்றான்.
நாலு நாளாம்.
அந்த நாலு நாளில் இதே பலகைகளின் மேல்
இரண்டு பிறந்தநாள், ஒரு கம்பெனிக் கொண்டாட்டம்.
இருந்த கொஞ்ச எண்ணெயையும்
வாடகைப் பந்துகள் ஒற்றி எடுத்துப் போய்விட்டன.

எண்ணெய் இருக்கிற வியாழனில் நடப்பது வேறு.
விட்ட பந்து வலது ஓரம் பார்த்து
நாற்பது அடி வழுக்கிக்கொண்டே போகும்,
இந்தப் பக்கம் யாரையும் தெரியாததுபோல.
பிறகு எண்ணெய் தீர்கிற இடத்தில்
அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தவளாய்
சட்டென்று திரும்பி
முதல் பின்னுக்கும் மூன்றாவதற்கும் நடுவே
தோளைக் கொடுத்து நுழையும்.
அந்தச் சத்தத்துக்காகத்தான்
மற்ற ஆறு நாளும்
அடுத்தவர்களின் சம்பளத்தில் பிடித்தம் பார்க்கிறேன்.

இன்று அது முந்திரிக்கொட்டை.
பதினைந்தாவது அடியிலேயே தரையைப் பிடித்து
வளைந்து வளைந்து
போகவேண்டிய இடத்தைத் தாண்டி இடப்பக்கம் போய்
சேரும்போது தெம்பில்லை.
நாலு பின் விழுந்தது. அதுவும் இரக்கப்பட்டு.

திரும்பி வந்த பந்தைப் பழக்கத்தில் துடைத்தேன்.
மற்ற நாளில் அதன் இடுப்பில்
புடவைக் கரைபோல ஓர் எண்ணெய் வளையம் இருக்கும்.
துண்டில் இன்று ஒன்றுமில்லை.
எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
தடவாமல் உருண்டால் என்ன ஆகும் என்று
பழமொழியில் இல்லை.
எல்லாமே ஒட்டும்.

இடதுபக்கம் ஐந்து பலகை தள்ளி நின்றேன்.
பிறகு இன்னும் நாலு.
வேகம் கூட்டினேன், மணிக்கட்டைத் திருப்பாமல் விட்டேன்.
கேட்கவில்லை.
போன மாதம் நானேதான்
பிடிப்பு போதாதென்று உப்புத்தாள் போடச் சொல்லி
அதன் பளபளப்பைத் தேய்த்து எடுத்திருந்தேன்.
எதிரணியில் பல் கட்டும் லேப்காரர்கள்.
அவர்களின் கிளாரன்ஸ் மஸ்கரேனஸ்
என் ஸ்கோரைப் பார்க்காததுபோல்
ஷூ லேஸ் கட்டிக்கொண்டே இருந்தார்.

எட்டாவது ஃப்ரேமில்
ரேக்கிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பந்தை எடுத்தேன்.
பத்து பவுண்டு. வெறும் பிளாஸ்டிக்.
கட்டைவிரல் முக்கால்தான் நுழைந்தது.
உள்ளே யாரோ ஒரு குழந்தையின் கேக் க்ரீம்.
"அது மக்கள்து, மேடம்" என்றான் முனிராஜு.
கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள்.
ஒரு நொடி எனக்குத் தமிழில் கேட்டுவிட்டது.
இருக்கட்டும், மக்களுடையதாகவே இருக்கட்டும்.

அதற்குத் தரையைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை.
காய்ந்ததோ வழுக்குவதோ, போனது.
கடைசியில் ஒரு சாண் திரும்பியது, மரியாதைக்கு.
சரியான இடத்தில்தான் மோதியது.
ஆனால் கனம் இல்லையே,
மோதியதும் ஒதுங்கிக்கொண்டது.
ஒன்பது விழ
நட்டநடுவில் ஐந்தாம் பின் மட்டும்
அசைந்து, யோசித்து,
நின்றது.

அதையும் அதே பந்தால் எடுத்தேன்.
பதினொரு புள்ளியில் தோற்றோம்.
மெஷினுக்குப் பாகம் திங்களன்று வருமாம்.
மஸ்கரேனஸ் லிஃப்ட் வரை வந்து
"டிரை லேன், பேட் லக்" என்றார்.
விரல் நுனியில் இன்னும் வெனிலா வாசனை.

சில்க் போர்டில் சிவப்பு.
பெல்ட் மாட்ட மறந்திருக்கிறேன்.
பிரேக் போட்டதும்
பின்சீட்டிலிருந்து தொப்பென்று இறங்கி
என் இருக்கையின் முதுகில் முட்டியது,
அத்தனை விலை கொடுத்த பந்து.
இப்போது மட்டும்
நேராக வந்தது.