ஐம்பது பேருக்கு மட்டும்

அறிவிப்பு வந்தது வியாழன் இரவு ஒன்பதேகாலுக்கு,
ஆறாம் வகுப்பு 'பி' பெற்றோர் குழுவில்:
நீச்சல் பயிற்சி, மே மாதம் முழுக்க,
விளையாட்டு அரங்கக் குளத்தில்.
படிவம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு.
ஐம்பது பேருக்கு மட்டும்.
அந்த 'மட்டும்' வந்த ஐந்து நிமிடத்தில்
முப்பத்தெட்டு கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன.

சதுரங்கத்துக்கு இடம் இருக்கிறது.
ஓவியத்துக்கும் கையெழுத்துக்கும்
வா வா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
தண்ணீருக்குத்தான் அடிதடி.

மே மாதம் எனக்கு மாம்பழ மாதம்.
கூழ் ஆலையில் தரம் பிரிக்கும் வேலை,
காலை ஆறிலிருந்து இரண்டு,
ஆள் குறைந்தால் பொழுது சாயும்வரை.
பெங்களூரா லாரிகள் கேட்டில் கட்டி நிற்கும்போது
லீவு கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார், அவ்வளவுதான்.
வீட்டுக்காரர் ஓசூரில், கம்பெனி ஷிப்டில்.
வீட்டில் தருணும் ஒரு சைக்கிளும்.
கல்குவாரிக்குப் போகும் வழி
அந்தச் சைக்கிளுக்குத் தெரியும்.

போன வருஷம் அந்தக் குழியில்

வேண்டாம்.
அந்தப் பையனின் அம்மா
என் எதிர் பெல்ட்டில்தான் நிற்கிறாள்.
அழுகலை ஒதுக்குவதில் அவள் கைக்கு
அப்படியொரு வேகம் வந்திருக்கிறது.

சனிக்கிழமை மூன்றரைக்கே போய்விட்டேன்.
சையத் பாஷா மலைக்கு இன்னும் உருவம் வரவில்லை.
பூட்டிய கேட்டின் முன்னால் வரிசை நின்றது,
மனிதர்கள் இல்லாமல்:
ஒற்றைச் செருப்பு, செங்கல், ஹெல்மெட்,
கழுத்து முறிந்த குடை,
'டாக்டர் வீடு' என்று ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலி.
ஆட்கள் டீக்கடையில், கார்களுக்குள்,
பைக்கின் மேல் மல்லாந்து.

எண்ணினேன். நாற்பத்தொன்பது.
பின்னாலிருந்து எண்ணினேன். ஐம்பது.
கடைசியாகக் கிடந்த கிரானைட் துண்டு
ஆளா, வெறும் கல்லா என்று தெரியவில்லை.
ஒரு பக்கம் பாலிஷ் இருந்தது.
ஆனால் இந்த ஊரில்
பாலிஷ் போட்ட கல்லும் தெருவில்தான் கிடக்கும்.

அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்,
காலால் அதை ஓரம் தள்ளும்போது.
பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை.
அந்த இடத்தில் என் செருப்பை விட்டேன்.
வெறுங்காலில் தார் இன்னும் நேற்றைய சூடாக இருந்தது.

ஆறரைக்கு ஒரு பெண் வந்தாள்,
காக்கிச் சட்டைக்குள் நைட்டி.
"இங்க கல்லு ஒண்ணு வெச்சிருந்தனே.
ஸ்டேஷன் சவாரி ஒண்ணு, போயிட்டு வர்றதுக்குள்ள..."
என்ன கல்லும்மா, என்றது வரிசை.
ஊரெல்லாம் கல்லுதான், என்றது ஒரு ஹெல்மெட்.
சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.
அவள் குனிந்து ஓரத்திலிருந்து அதை எடுத்து,
துடைத்து, பார்த்து,
பழையபடி ஓரத்திலேயே வைத்தாள்.
யாரையும் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்திருக்கலாம்.

ஐம்பதாவது படிவம் எனக்கு வந்தது.
நீச்சல் தெரியுமா: ஆம் / இல்லை.
'இல்லை'யைச் சுற்றி வட்டம் போட்டபோது பேனா காகிதத்தைக் கிழித்தது.
அவள் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது.
நாகவேணி, மகள் ரக்‌ஷனா, ஏழாம் வகுப்பு.
நன்றாக, கட்டை எழுத்தில் எழுதினாள்.

பஸ்ஸில் வரும்போது வேண்டிக்கொண்டேன்:
ஐம்பதில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடிக்கட்டும்.
பெரிதாக ஒன்றும் வேண்டாம்,
சேர வேண்டாமென்று அம்மா சொல்லும் அளவுக்கு.
நாற்காலி வைத்த வீடாக இருந்தால் நல்லது,
டாக்டர் கையிலேயே இருக்கிறாரே.

தருண் பாயில் புரண்டு கேட்டான்,
கண்ணாடி நீலத்தில் வாங்கலாமா.
ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்:
தினமும் காலை ஏழு முதல் எட்டு.
எனக்கு ஆறுக்கு ஷிப்ட்.
யார் கொண்டுபோய் விடுவது என்று
அப்போதுதான் உறைத்தது.

ஒரு ஆட்டோ பேச வேண்டும்.